விண்வெளியும் வாக்குச் சாவடியும்



ஒரு துறையில் ஈட்டிய புகழை மற்றொரு துறைக்கு எடுத்துச் செல்ல முடியுமா? வாள் வீச்சில் வல்லவர் நீதி வழங்குவதிலும் வல்லவராக இருப்பாரா? ஓடுவதில் முதல்வனாக வந்த மாணவன் வகுப்புத் தலைவனாக இருப்பதற்கும் முதல் தகுதி உடையவன் ஆவானா? இவ்வினா மிகப் பழையது. அரசர்கள் ஆண்ட காலத்தில் இதற்கு விடை காணும் பொறுப்பு அரசர்களுக்கு இருந்தது. மக்களே ஆளும் இக்காலத்தில் அப்பொறுப்பு நம் ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்ந்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவுடன் உங்கள் கையிலும் அது வந்து சேரும்.

இவ்வினாவை ஆராய நம் காலம் நமக்கு ஒரு நல்ல சான்றைத் தந்திருக்கிறது. விண்வெளியில் பறந்து திரும்பிய வீரர்களுள் சிலர் பின்னர் அரசியலில் இறங்கினர். சிலர் வென்றனர், சிலர் தோற்றனர், சிலர் வென்று பின் தோற்றனர். அவர்களுடைய வரலாற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பீர்கள். சிலருடைய புகழ் விளம்பரத்தால் வந்தது. சிலருடையது செல்வத்தால் வந்தது. அவற்றை நாம் ஐயுறலாம். விண்வெளி வீரருடைய புகழை அவ்வாறு ஐயுற இயலாது. எரியும் எரிபொருளின்மீது அமர்ந்து, காற்றில்லாத வெளிக்குச் சென்று, தீப்பிழம்பினூடே பூமிக்குத் திரும்பியவருடைய துணிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆகவே, புகழ் அரசியலில் எவ்வளவு தொலைவு துணைவரும் என்பதை அளந்தறிய இவர்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் ஜான் கிளென் என்பவரைக் காண்போம். இவருடைய வாழ்வு நீண்டது; பாடங்கள் நிறைந்தது; நம் நாட்டோடும் தொடர்புடையது.

கிளென் 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். நியூ கான்கார்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் குழாய் பொருத்தும் தொழில் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்பகுதியிலும், பின்னர்க் கொரியப் போரிலும் கிளென் போர் விமானம் ஓட்டினார். அமெரிக்கா 1959இல் தன் முதல் விண்வெளி வீரர்கள் எழுவரைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் ஒருவர்.

1962ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், ‘ஃபிரெண்ட்ஷிப் 7’ என்னும் சிறு கலத்தில் அவர் பூமியை மூன்று முறை சுற்றினார். பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கர் அவரே. ருஷியாவின் யூரி ககாரினும் டிட்டோவும் அவருக்கு முன்னரே சுற்றிவிட்டனர். ஆதலின் இப்பயணத்தின் வெற்றியை அமெரிக்க மக்கள் ஏங்கி எதிர்பார்த்தனர்.

பயணம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீடித்தது. அதற்குள் இரு தொல்லைகள் நேர்ந்தன. கலத்தை நேராக நிறுத்தும் தானியங்கி அமைப்பு சரிவர இயங்கவில்லை. கிளென் கையாலேயே கலத்தை இயக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, உயிருக்கே உலை வைப்பது. கலத்தின் அடியில் உள்ள வெப்பக் கவசம் கழன்றிருக்கிறது என்று தரையில் ஒரு கருவி காட்டியது. அக்கவசம் விலகினால், காற்று மண்டலத்துள் நுழையும்போது கலம் எரிந்து சாம்பலாகும். கவசத்தின்மேல் கட்டப்பட்டிருந்த எதிர்விசை ராக்கெட்டுத் தொகுதியைக் கழற்றாமலே இறங்கினால், அதன் பட்டைகள் கவசத்தைப் பிடித்து நிறுத்தக்கூடும் என்று தரையில் இருந்தோர் முடிவு செய்தனர். இறங்கும்போது அத்தொகுதி எரிந்து, துண்டு துண்டாகப் பலகணியின் அருகே பறந்தது. எரிவது தம் கவசமா, ராக்கெட்டா என்று அறியாமலே கிளென் கலத்தை இயக்கிக்கொண்டிருந்தார். முடிவில் கவசம் உறுதியாகவே இருந்தது. பழுதுற்றிருந்தது கருவிதான் என்று பின்னர்த் தெரிந்தது. ஆனால் அந்த நிமிடங்களில் அவருக்கு அது தெரியாதல்லவா? தெரியாத நிலையிலும் கை நடுங்காமல் கடமையைச் செய்தாரே, அதுவே அவர் வீரம்.

அவர் திரும்பியதும் அமெரிக்கா விழாக்கோலம் பூண்டது. நாட்டின் பேரவை இரு சபைகளும் கூடி அவர் உரையைக் கேட்டது. அவர் கேட்டால் எந்தப் பதவியும் கிடைக்கும் என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் நடந்தது என்ன? 1964ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் செனட் என்னும் மேல் சபைக்குப் போட்டியிட முன்வந்தார். அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளராக நிற்பதற்கே முதலில் கட்சிக்குள் நடைபெறும் உட்தேர்தலில் வெல்லவேண்டும். அதற்கான வேலை தொடங்கிய சில வாரங்களில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலையில் அடிபட்டு உட்காது பழுதுற்றது. நிற்கவும் நடக்கவும் தடுமாறினார். தீப்பிழம்பினூடே வந்தவரைக் குளியலறை வீழ்த்திவிட்டது. அவர் போட்டியினின்று விலகினார்.

1970இல் மீண்டும் முயன்றார். இம்முறை உடல்நலம் இருந்தது, புகழும் இருந்தது. ஆயினும் ஹோவர்டு மெட்சன்பாம் என்னும் தொழிலதிபரிடம் உட்தேர்தலில் சிறு வேறுபாட்டில் தோற்றார். காரணம் யாது? மக்கள் தம்மை அறிவார்கள் என்று கிளென் நம்பியிருந்தார். அவரை அறியாதவர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வாக்குச் சேகரிப்பதற்கு ஊர்தோறும் ஆட்கள் வேண்டும், பொருள் வேண்டும், கட்சித் தொண்டர்களோடு நெடுநாள் பழக்கம் வேண்டும். இவை எதிரியிடம் இருந்தன. பெயர் மட்டும் இருந்தவர் தோற்றார். பெயரோடு உழைப்பைச் சேர்த்தவர் வென்றார்.

தோல்வியடைந்த கிளென் என்ன செய்தார் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். அவர் சினந்து ஒதுங்கவில்லை. ஒஹையோவின் சிற்றூர்களுக்கெல்லாம் சென்றார். சிறு கூட்டங்களில் பேசினார். கட்சியின் கீழ்நிலைத் தொண்டர்களோடு அமர்ந்து பழகினார். 1974இல் அதே மெட்சன்பாமை மீண்டும் எதிர்த்து நின்றார். கிளென் எந்த நாளும் ஊதியம் கொடுத்துத் தொழில் நடத்தியவர் அல்லர். வேலை பார்த்தவரே அல்லர் என்னும் பொருள்பட எதிரி பேசினார். அதற்குக் கிளீவ்லாண்டு நகர மன்றத்தில் கிளென் விடையளித்தார். போரில் உடல் ஊனமுற்று மருத்துவமனையில் கிடப்பவரிடமும், மகனை இழந்த தாயிடமும் சென்று, படையில் பணியாற்றுவது ஒரு வேலையே அன்று எனச் சொல்லிப் பாருங்கள் என்பது அவ்விடையின் சாரம். அவ்வுரை அவருக்குப் பெருந்துணையாயிற்று. உட்தேர்தலில் வென்றார், பொதுத் தேர்தலில் ஒஹையோவின் 88 மாவட்டங்களிலும் வென்றார். முதல் முயற்சிக்கும் வெற்றிக்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்திருந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

இருபத்துநான்கு ஆண்டுகள், 1999 தொடக்கம் வரை, அவர் செனட்டராக இருந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலை ஆரவாரமற்றது. அரசாங்கக் கணக்குகளைச் சரிபார்த்தல், அணுப்பொருள் ஆலைகளால் சுற்றுப்புறத்துக்கு நேர்ந்த கேட்டை வெளிக்கொணர்தல், அணு ஆயுதம் பிற நாடுகளுக்குப் பரவாமல் தடுத்தல் ஆகியவற்றில் அவர் உழைத்தார். 1978ஆம் ஆண்டின் அணு ஆயுதப் பரவல் தடைச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர்.

இங்கேதான் அவர் வரலாறு நம் நாட்டை வந்து தொடுகிறது. பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் உள்ள அணுமின் நிலையத்துக்கு யுரேனியம் வழங்குவதாக 1963இல் அமெரிக்கா நம்மோடு உடன்படிக்கை செய்திருந்தது. நாம் 1974இல் பொக்ரானில் சோதனை நடத்தினோம். 1978ஆம் ஆண்டுச் சட்டம், தன் அணு நிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுச் சோதனைக்குத் திறந்துவைக்காத நாட்டுக்கு எரிபொருள் தரலாகாது என்றது. 1980இல் தாராப்பூருக்கு எரிபொருள் அனுப்பலாமா என்னும் வினா செனட்டுக்கு வந்தபோது, அனுப்பக்கூடாது என்று வாதாடியவர்களின் முன்னணியில் கிளென் நின்றார். 48க்கு 46 என்னும் வாக்கு வேறுபாட்டில் அவர் தரப்புத் தோற்றது, எரிபொருள் வந்தது. ஆயினும் அச்சட்டத்தின் நெருக்கடி நீங்கவில்லை. பின்னர் நாம் பிரான்சு நாட்டிடம் எரிபொருள் பெறவேண்டியதாயிற்று.

1998 மே மாதம் நாம் பொக்ரானில் மீண்டும் சோதனை நடத்தியபோது, அமெரிக்கா நம்மீது பொருளாதாரத் தடை விதித்தது. அத்தடைக்கு அடிப்படையான சட்டப் பிரிவுக்கே ‘கிளென் திருத்தம்’ என்று பெயர். அதே மாத இறுதியில் பாகிஸ்தான் சோதனை நடத்தியபோது அந்நாட்டின்மீதும் அதே தடை விழுந்தது. நம்மீதிருந்த தடைகள் படிப்படியாகத் தளர்ந்து 2001இல் நீங்கின.

அதே 1998ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், எழுபத்தேழு வயதில், கிளென் ‘டிஸ்கவரி’ விண்ணோடத்தில் மீண்டும் விண்வெளிக்குச் சென்றார். அதுவரை விண்வெளி சென்றவர்களுள் அவரே மிக மூத்தவர். முதுமை உடலை எவ்வாறு மாற்றுகிறது என்று ஆராய்வதற்குத் தம் உடலையே ஆய்வுப் பொருளாக அவர் தந்தார். நாளிதழ்களில் அவர் படம் வெளிவந்தது. அப்போது நான் மேல்நிலை வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, மே மாதத்தில் நமக்குத் தடை விதித்த சட்டத்தின் கிளெனும், இந்தப் படத்தில் இருக்கும் கிளெனும் ஒருவர்தாமா?” என்று கேட்டான். ஒருவரே என்றேன். “அப்படியானால் இவரை நாம் பாராட்டுவதா, பழிப்பதா?” என்று அடுத்த வினாவைத் தொடுத்தான்.

நல்ல வினா. வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. நான் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தேன். ஒரு பக்கம் ‘பறந்தவர்’ என்றும், மறுபக்கம் ‘சட்டம் செய்தவர்’ என்றும் எழுதினேன். “தம்பி, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் போடு. இந்தப் பக்கத்து மதிப்பெண்ணை அந்தப் பக்கத்தில் கூட்டாதே, அந்தப் பக்கத்துக் குறையை இந்தப் பக்கத்தில் கழிக்காதே” என்றேன். அன்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. அவருடைய சட்டம் நமக்குத் தீங்கு செய்தது என்று சிலர் கூறினர். அணுகுண்டு பெருகக்கூடாது என்னும் தம் கொள்கையை அவர் நண்பர் பகைவர் என்று பாராமல் கடைப்பிடித்தார் என்று ஒரு மாணவி கூறினாள். பெரிய வல்லரசுகள் தம் குண்டுகளை வைத்துக்கொண்டு பிறரைத் தடுப்பது முறையா என்று மற்றொருவன் கேட்டான். மணி அடித்தபோது முடிவு எட்டப்படவில்லை. ஆனால் அவர் விண்வெளிக்குப் போனவர் ஆதலால் அவர் சட்டமும் சரியாகத்தான் இருக்கும் என்று ஒருவரும் கூறவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கிளெனின் வாழ்வில் நிழல்களும் உண்டு. 1984ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத் தம் கட்சியின் வேட்பாளராக அவர் முயன்றார். முதல் விண்வெளி வீரர்களைப் பற்றிய திரைப்படம் ஒன்று 1983இல் வெளிவந்தது. அது அவரைப் பதவியில் ஏற்றிவிடும் என்று சிலர் எதிர்பார்த்தனர். தொடக்கத் தேர்தல்களிலேயே அவர் பின்தங்கி, மார்ச் மாதத்தில் விலகிக்கொண்டார். அம்முயற்சியில் ஏற்பட்ட பெருங்கடன் அவரைப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. பின்னர், கீட்டிங் என்னும் நிதி நிறுவன அதிபருக்காக அரசு அதிகாரிகளைச் சந்தித்த செனட்டர் ஐவருள் ஒருவராக அவர் பெயரும் அடிபட்டது. நன்னடத்தைக் குழு 1991இல், அவர் விதிகளை மீறவில்லை, ஆயினும் நிதானித்துச் செயற்படவில்லை என்று கூறியது. ஒஹையோ மக்கள் 1992இல் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 2016இல், தொண்ணூற்றைந்தாம் வயதில், அவர் மறைந்தார்.

நிற்க. இனி, நிலவில் நடந்த ஒருவரைக் காண்போம். ஹாரிசன் ஷ்மிட் என்பவர் மண்ணியல் அறிஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 கலத்தில் சென்று நிலவில் இறங்கினார். நிலவில் கால் வைத்தவர்களுள் தொழில்முறை விஞ்ஞானியாக இருந்தவர் அவர் ஒருவரே. பூமிக்குத் திரும்பியபின், 1976இல், தாம் பிறந்த நியூ மெக்சிகோ மாநிலத்திலிருந்து செனட்டுக்குப் போட்டியிட்டு முதல் முயற்சியிலேயே வென்றார். செனட்டில் விஞ்ஞானம், தொழில்நுட்பம், விண்வெளி ஆகியவற்றுக்கான துணைக்குழுவின் தலைவராகவும் இருந்தார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1982இல், ஜெஃப் பிங்கமன் என்பவர் அவரை எதிர்த்தார். பிங்கமன் தரப்பினர் ஒரு வினாவை ஊரெங்கும் பரப்பினர். ‘இவர் அண்மையில் மண்ணுலகில் உங்களுக்காக என்ன செய்தார்?’ என்பது அவ்வினாவின் கருத்து. ஆங்கிலத்தில் அது சிலேடையாகவும் அமைந்தது. அந்த ஒரு வினா நிலவையும் மண்ணையும் எதிரெதிரே நிறுத்திவிட்டது. வேலையின்மை பெருகியிருந்த காலம் அது. வேலை இழந்தவனுக்கு நிலவின் கல் பயன்படுமா? ஷ்மிட் தோற்றார். அவர் சோம்பியிருந்தார் என்று நான் கூறமாட்டேன். நாட்டுக்கு எதிர்காலத்தில் பயன்படும் விஞ்ஞானத்தைப் பற்றி அவர் சிந்தித்தார். வாக்காளரோ அந்த மாதத்து அரிசி பருப்பைப் பற்றிச் சிந்தித்தனர். இரண்டையும் இணைத்துச் சொல்லத் தெரிந்தவரே மக்கள் பிரதிநிதியாக நிலைக்க முடியும்.

மற்றொருவர் ஜாக் லூஸ்மா. ‘ஸ்கைலாப்’ ஆய்வகத்தில் 1973இல் ஐம்பத்தொன்பது நாட்கள் தங்கியவர். 1984இல் மிச்சிகன் மாநிலத்தில் செனட்டுக்கு நின்றார். மிச்சிகன் மோட்டார்த் தொழிலின் தாயகம். ஜப்பானிய மோட்டார்களின் போட்டியால் அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்தனர். தம் குடும்பத்தில் ஒரு ஜப்பானிய மோட்டார் இருப்பதாக லூஸ்மா ஜப்பானியரிடையே பேசிய படச்சுருள் ஒன்று எதிர்த்தரப்பினர் கையில் கிடைத்தது. அதைத் தொலைக்காட்சியில் காட்டினர். அவர் தோற்றார். விண்வெளியிலிருந்து பார்க்கும்போது நாடுகளுக்கிடையே எல்லைக்கோடு தெரிவதில்லை என்பார்கள். ஆனால் வேலையிழந்த தொழிலாளியின் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அக்கோடு நன்றாகத் தெரிகிறது.

தேர்தலில் வென்றும் பதவியில் அமராத ஒருவரும் உண்டு. அப்பல்லோ 13 கலத்தில், 1970 ஏப்ரலில், நிலவுக்குச் செல்லும் வழியில் ஆக்சிஜன் கலன் வெடித்து, மூவர் உயிர் தப்பித் திரும்பியதைப் படித்திருப்பீர்கள். அம்மூவருள் ஒருவர் ஜாக் ஸ்விகர்ட். அவர் 1978இல் கொலராடோ மாநிலத்தில் செனட்டுக்கு முயன்று உட்தேர்தலில் தோற்றார். 1982இல் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். அப்போது அவருக்குப் புற்றுநோய் கண்டது. அதை மறைத்து வாக்குக் கேட்டிருக்கலாம், அவர் மறைக்கவில்லை. நோயை மக்களிடம் சொல்லிவிட்டே வாக்குக் கேட்டார். மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பதவி ஏற்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, டிசம்பர் 27ஆம் நாள், அவர் காலமானார். அவர் ஒரு சட்டமும் செய்யவில்லை; ஒரு நாளும் சபையில் பேசவில்லை. ஆனால் வேட்பாளர் வாக்காளரிடம் எவ்வளவு உண்மையாக இருக்கலாம் என்பதைக் காட்டிச் சென்றார்.

இவர்கள் அனைவரும் போட்டித் தேர்தல் நடைபெறும் நாட்டினர். ருஷியாவின் வாலண்டினா டெரெஷ்கோவாவின் வரலாறு வேறு வகையானது. அவர் 1937இல் யாரோஸ்லாவ்ல் வட்டாரத்து ஒரு சிற்றூரில் பிறந்தார். டிராக்டர் ஓட்டிய தந்தையைப் போரில் இழந்தார். நூற்பாலையில் வேலை செய்துகொண்டே பாராசூட்டில் குதிக்கப் பழகினார். 1963 ஜூன் 16ஆம் நாள் ‘வஸ்தோக் 6’ கலத்தில் தனியாகச் சென்று பூமியை 48 முறை சுற்றினார். விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் அவரே. அதுவரை பறந்த அமெரிக்க வீரர்கள் அனைவரும் விண்வெளியில் கழித்த நேரத்தைக் கூட்டினாலும், அவர் ஒருவர் கழித்த நேரத்துக்கு ஈடாகாது. ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண்ணுக்கு இது எத்தகைய சாதனை! உலகெங்கும் பெண்கள் அவரால் ஊக்கம் பெற்றனர்.

பின்னர் அவர் சோவியத் நாட்டின் உச்ச சபையில் உறுப்பினரானார். 1968 முதல் 1987 வரை சோவியத் மகளிர் குழுவின் தலைவராக இருந்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது. 2011இல் ஆளும் கட்சியின் சார்பில் ருஷிய நாட்டின் டூமா சபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020 மார்ச் 10ஆம் நாள், எண்பத்து மூன்று வயதில், அச்சபையில் எழுந்து ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். குடியரசுத் தலைவர் புதின் முன்பு வகித்த பதவிக் காலங்களைக் கணக்கில் சேர்க்காமல், அவர் மீண்டும் போட்டியிட வழி செய்யவேண்டும் என்பதே அதன் கருத்து. அது நிறைவேறியது, புதின் 2024இல் மீண்டும் பதவிக்கு வந்தார்.

அத்திருத்தத்தை முன்மொழியச் சபையில் எத்தனையோ பேர் இருந்தனர். ஏன் அவரே எழுந்தார்? வேறொருவர் சொன்னால் மக்கள் அச்சொல்லை ஆராய்வார்கள். அவர் சொன்னால் சொன்னவரை நினைத்து வணங்குவார்கள். இது என் கருத்து, நீங்கள் மறுக்கலாம். வீரருடைய புகழ் அரசாங்கத்தின் கையில் ஒரு கருவியாகவும் அமையக்கூடும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வீரர் உயர்ந்தவராக இருக்க இருக்க, அக்கருவியும் கூர்மையாக இருக்கும்.

விண்வெளி அறிவே அரசியலில் நேராகப் பயன்பட்ட நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். கனடா நாட்டிலிருந்து முதன்முதலாக விண்வெளி சென்றவர் மார்க் கார்னோ, ஆண்டு 1984. அவர் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2006இல் முதல் தேர்தலில் தோற்றார், 2008இல் வென்றார், 2015இல் போக்குவரத்து அமைச்சரானார். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பியாவிலும் ஒரே வகையைச் சேர்ந்த இரு போயிங் விமானங்கள் விழுந்து 346 பேர் மாண்டனர். உடனே அவ்வகை விமானங்களை நிறுத்திவைக்கக் கனடா முற்படவில்லை. மார்ச் 13ஆம் நாள், துணைக்கோள் வழியே கிடைத்த பறப்புப் பதிவுகளை வல்லுநர்கள் கொண்டுவந்து காட்டினர். இரு விமானங்களும் விழுமுன் மேலும் கீழும் தடுமாறிய விதம் ஒத்திருந்தது. அன்றே கார்னோ அவ்வகை விமானங்கள் கனடாவின் வானில் பறக்கக்கூடாது என்று அறிவித்தார். அமெரிக்கா அதே நாளில் அவருக்குப் பின்னரே தடை விதித்தது. இங்கே அமைச்சருக்குத் துணைநின்றது அவருடைய புகழ் அன்று. சான்றைப் படித்துப் பொருள் காணும் பயிற்சி. சான்று வரும்வரை பொறுத்தலும், வந்தபின் தயங்காமையும் விண்கலத்தில் அவர் கற்ற பாடங்கள். அவர் 2025இல் மறைந்தார்.

அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் மார்க் கெல்லி நான்கு முறை விண்வெளி சென்றவர். அவருடைய மனைவி கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேரவை உறுப்பினராக இருந்தபோது, 2011 ஜனவரியில், பொதுமக்களைச் சந்திக்கும் கூட்டத்தில் தலையில் சுடப்பட்டார்; அறுவர் உயிரிழந்தனர். கிஃபர்ட்ஸ் உயிர் பிழைத்தார். கெல்லி 2020இல் அரிசோனா மாநிலத்தின் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022இல் மீண்டும் வென்றார். அவரை அரசியலுக்குக் கொணர்ந்தது விண்வெளி மட்டும் அன்று. வீட்டில் நேர்ந்த பெருந்துன்பமும் ஆகும்.

அரசியலை நாடாதவர்களே மிகப் பலர் என்பதையும் மறக்கலாகாது. நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1984இல் விண்வெளி சென்ற நம் ராகேஷ் சர்மா மீண்டும் விமானியாகத் தம் பணியைத் தொடர்ந்தார். அவர்கள் பதவியை விரும்பாதது உயர்வு என்றோ, மற்றவர்கள் விரும்பியது இழிவு என்றோ நான் கூறமாட்டேன். நல்லவர்கள் எல்லாரும் அரசியலை விட்டு ஒதுங்கினால், பின்பு அங்கே யார் இருப்பார்கள்?

இவ்வரலாறுகளிலிருந்து நாம் தெளிவது என்ன?

ஒன்று: புகழ் கதவைத் திறக்கும், உள்ளே அமர்த்தாது. கிளென் பத்தாண்டு காத்து, ஊர் ஊராக நடந்த பின்பே அமர்ந்தார். ஷ்மிட் எளிதில் அமர்ந்தார், ஆறாண்டில் எழுந்தார்.

இரண்டு: ஒரு துறையின் திறமை முழுவதும் வீணாவதில்லை, ஆனால் திறமையின் எப்பகுதி புதிய வேலைக்குப் பொருந்தும் என்று பிரித்தறிய வேண்டும். விண்வெளி வீரருக்கு ஒழுங்கு உண்டு. கருவிகளைப் படிக்கத் தெரியும். இடரில் கலங்காத மனம் உண்டு. இவை அமைச்சருக்கும் வேண்டியவை. ஆனால் கலத்தில் இருப்பவர் எல்லாரும் ஒரே குறிக்கோள் உடையவர்கள். நாட்டிலோ கோடிக்கணக்கானோர் வேறு வேறு குறிக்கோள் உடையவர்கள். அவர்களை இணங்கச் செய்யும் கலையை எந்த ராக்கெட்டும் கற்பிப்பதில்லை.

மூன்று: வீரரை மதிப்பது வேறு, அவர் சொல்வதையெல்லாம் ஏற்பது வேறு. மதிப்பு நம் உள்ளத்தின் கடன். வாக்கு நம் அறிவின் கடன். முதற்கடனைத் தீர்ப்பதற்கு இரண்டாவதை எடுத்துச் செலவழிப்பது முறையன்று.

மாணவர்களே, நம் நாட்டில் வாக்களிக்கும் வயது முன்னர் இருபத்தொன்றாக இருந்தது. 1989இல் அது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. கல்லூரியில் காலெடுத்து வைக்கும் பருவத்திலேயே நாடு உங்களை நம்பி இப்பொறுப்பைத் தந்திருக்கிறது. நாளை உங்கள் ஊருக்கும் புகழ் பெற்ற ஒருவர் வருவார். அவர் விளையாட்டு வீரராக இருக்கலாம்; நடிகராக இருக்கலாம்; படைத்தலைவராகவோ விஞ்ஞானியாகவோ இருக்கலாம். அவரை மாலையிட்டு வரவேற்பதில் தவறில்லை. ஆனால் மாலையிட்ட கையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் தெருவின் தண்ணீர்க் குழாயைப் பற்றி நீங்கள் என்ன அறிவீர்கள்? நீங்கள் செய்யப்போகும் சட்டத்தால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? சென்ற ஆண்டில் யாரும் படம் எடுக்காத இடத்தில் நீங்கள் செய்த வேலை என்ன? உண்மையான வீரர் இக்கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார். கருவி தவறு காட்டியபோதும் கலங்காதவர், வாக்காளர் கேள்வி கேட்டாலா கலங்கிவிடுவார்?

கேட்பதற்கு நாணாதீர்கள். கேட்ட விடையை எடைபோட அஞ்சாதீர்கள். விண்வெளிக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுள் ஒருவருக்கோ இருவருக்கோ கிட்டலாம். வாக்குச் சாவடிக்குச் செல்லும் வாய்ப்போ உங்கள் எல்லாருக்கும் தவறாமல் வரும். அங்கே செல்லும் நாளுக்கு இன்றே ஆயத்தமாகுங்கள்.